“நன்றாய் உறங்கு” என்று சொன்னால் போதுமா?

(சுங்கைப் பட்டாணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு நிர்வாகத்தின் குணத்தை எப்படி அறிவது? ஆபீசுச் சுவரில் தொங்கும் வாசகங்களைப் படித்து அறிய முடியாது. குறையைச் சொன்ன தொழிலாளி மறுநாள் பிரட்டில் எப்படி நடத்தப்படுகிறான் என்று பாருங்கள். தெரிந்துவிடும்.

ரப்பர்ப் பாலிலிருந்து செய்யும் பொருள்களில் கையுறையும் ஒன்று. 1991இல் தொடங்கிய டாப் குளோவ் என்னும் நம் நாட்டுக் கம்பெனி, உலகிலேயே பெரிய கையுறைக் கம்பெனியாக வளர்ந்தது. அதன் நிறுவனர் லிம் வீ சாய், ஐந்து நல்ல பழக்கங்களைத் தொழிலாளருக்குப் போதித்து வந்தார். சுத்தமாயிரு, நன்றாய் உண், நன்றாய் வேலை செய், தேகப்பயிற்சி செய், நன்றாய் உறங்கு என்பவை அவை. நல்ல போதனைதான்.

2020இல் கொரோனா வந்தது. கையுறைக்கு உலகமெங்கும் கிராக்கி. அவ்வாண்டு ஆகஸ்டில் முடிந்த கணக்கில் கம்பெனியின் லாபம் சுமார் 187 கோடி ரிங்கிட். அதே ஆண்டு மே மாதம், உடற்சூடு பார்ப்பதற்காகத் தொழிலாளர்கள் இடைவெளியின்றி நெருக்கியடித்து நின்றதை நேப்பாளத் தொழிலாளி ஒருவர் படமெடுத்து வெளியில் அனுப்பினார். காவல் கேமராவைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்து, செப்டம்பரில் அவரை வேலையைவிட்டு நீக்கியது நிர்வாகம். ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது.

பிறகு என்ன ஆயிற்று? நவம்பரில் கிள்ளான் பகுதித் தொழிலாளர்களில் 2,000 பேருக்கு மேல் நோய் கண்டது. 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூட அரசாங்கம் உத்தரவிட்டது. நெரிசலான விடுதிகளைக் கண்ட தொழிலாளர் இலாகா விசாரணைக் கோப்புகளைத் திறந்தது. நெரிசலில் படுப்பவன் நன்றாய் உறங்குவது எங்ஙனம்?

தோழர்களே, தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்குமே இருந்தது. லயத்து வீட்டுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு, 2020 ஜூன் முதல் தேதிதான் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது.

அமெரிக்கா அக்கம்பெனியின் சரக்கைத் தடுத்தது. தொழிலாளருக்கு 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈடு கொடுத்து, விடுதி நிலையையும் சீர்படுத்திய பின், 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. ஒரு தொழிலாளி சொன்னபோதே செவி கொடுத்திருந்தால் கம்பெனிக்கும் நல்லது, ஆட்களுக்கும் நல்லது. குறை சொல்பவனைப் பகைவனாக எண்ணும் தலைமை தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

நம் பிள்ளைகள் பலர் இன்று பால் வெட்டை விட்டு, பக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் சொல்ல வேண்டியது இதுதான். குறை கண்டால் தேதி, இடம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் கிராணிமார் எழுதிக் கொடுங்கள். ஒருவராய்ப் போகாமல் பத்துப் பேராய்க் கையெழுத்திட்டு, சங்கத்தின் மூலம் கொடுங்கள். நியாயமின்றி எவரையேனும் நீக்கினால், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். நாள் தவறினால் வழக்கே போய்விடும்.

அந்த நேப்பாளத் தோழர் தனியாக நின்றார். நம்மில் எவரும் தனியாக நிற்கும்படி விடலாகாது.