குடியானவரும் கியர்ப் பெட்டியும்

கர்னால், அம்பாலா, லூதியானா போன்ற ஊர்களில் வாழும் நம் தமிழன்பர்களுக்கு டிராக்டர் புதிய காட்சியன்று. ஐப்பசித் திங்களில், நெல் அறுவடை முடிந்த வயல்களில், கோதுமை விதைப்புக்காக அது இரவும் பகலும் உழைக்கிறது. மற்ற நாட்களில் டிராலியை இழுத்துக்கொண்டு மண்டிக்கு மூட்டை சுமக்கிறது. அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் ஆண்டொன்றுக்கு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட டிராக்டர்கள் விற்பனையாகி வருகின்றன. அவற்றின் சிறப்பைப் பற்றி விற்பவர் கூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவற்றை வாங்கி உழுபவர் என்ன கருதுகிறார் என்பதைச் சற்று ஆராய்வோம்.

எந்தப் பொறியும் ஒரு நாள் பழுதுபடும் என்பதைக் குடியானவர் அறிவார். எந்த நாளில் பழுதுபடும் என்பதே அவருடைய கவலை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே கிடைக்கின்றன. விதைப்பு பிந்தினால், மணி முற்றும் பருவத்தில் மார்ச்சு மாத வெப்பம் பயிரைத் தாக்கும், விளைச்சல் குறையும். டிராக்டரோ பெரும்பாலும் கடனில் வாங்கியது. விளைச்சல் குறைந்தது என்பதற்காகத் தவணை காத்திருப்பதில்லை. ஆகவே, "பழுது நேர்ந்தால் யார் திறப்பார்? எத்தனை மணி நேரத்தில் திருத்துவார்? உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்?" என்ற மூன்று கேள்விகளில் அவர் ஒரு டிராக்டரின் நம்பகத்தை அளந்துவிடுகிறார்.

இந்தக் கேள்விகள் கூர்மையாக எழும் இடம் கியர்ப் பெட்டி. மோட்டார் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் சாதாரண டிராக்டருக்குக் கிடையாது. எஞ்சின், கிளட்ச் உறை, கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக அமைகின்றன. எனவே தேய்ந்த கிளட்ச் தட்டை மாற்றுவதற்கும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பழைய முறையில் பற்சக்கரங்களே தண்டின்மேல் நகர்ந்து ஒன்றையொன்று கவ்வும். கியர் மாற்ற வண்டியை நிறுத்தியாக வேண்டும். பொறுமையின்றி மாற்றினால் பற்கள் உராய்ந்து ஓசையிடும், நாளடைவில் உடையும். அடுத்த முறையில் பற்சக்கரங்கள் எப்போதும் இணைந்தே சுழல்கின்றன. ஒரு வளையம் மட்டும் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. இதற்கும் மேற்பட்டது, பூட்டுமுன் கூம்பு வடிவ வளையம் ஒன்று இரு வேகங்களையும் சமப்படுத்தும் முறை. இன்னும் உயர்ந்த வகைகளில் எண்ணெயழுத்தத்தால் இயங்கும் கிளட்சுகளே, ஓட்டத்தை நிறுத்தாமல், கியரை மாற்றிவிடுகின்றன.

படிப்படியாக ஏறிய இந்த வசதியைக் குடியானவர் வெறுக்கிறார் என்று எண்ணுவது தவறு. ஒரு சான்று கூறலாம். நெல் வயலில் சேறு கலக்கும்போது பழைய உலர்ந்த பிரேக்குகளில் சேறும் நீரும் புகுந்து தொல்லை தந்தன. எண்ணெயில் மூழ்கிய பிரேக்குகள் வந்தபோது, விலை கூடியிருந்தும், அவற்றை உழவர் விரும்பி ஏற்றனர். ஓர் இன்னலைத் தீர்க்கும் புதுமையை அவர் வரவேற்கிறார். தம் ஊர் மிஸ்திரி திறக்க முடியாத பெட்டியைக் கண்டுதான் அவர் தயங்குகிறார்.

இந்தத் தயக்கத்தை மதித்த பொறியியலாரும் நம் நாட்டில் இருந்தனர். துர்க்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வடிவமே சுவராஜ் டிராக்டர். அதனைப் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் 1974இல் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வடிவம் உருவானபோது நிலையத்தின் தலைவராயிருந்தவர் மன்மோகன் சூரி. டீசல் ரயில் எஞ்சினுக்காகத் திரவ விசையும் பற்சக்கரமும் இணைந்த செலுத்து முறையை வகுத்து, 1962இல் பட்நாகர் பரிசு பெற்றவர் அவர். அத்தகைய நுட்பத்தில் வல்லவரின் நிலையமே உழவருக்கென வடித்த வண்டியில் எளிய பற்சக்கரப் பெட்டியை வைத்தது. எளிமை அங்கு அறியாமையால் வந்ததன்று, ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

இது ஏழை நாட்டின் மனப்பான்மை என்று சொல்வாருண்டு. அமெரிக்க உழவரும் இதே குறையைக் கூறுகின்றனர். மின்னணுக் கட்டுப்பாடு மிகுந்த பெரிய டிராக்டர்களைத் தாமே திருத்த இயலவில்லை என்று அவர்கள் முறையிட்டனர். 2023இல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கெனச் சட்டமே இயற்றியது.

உழவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. கிளட்ச் மிதியில் ஓயாது கால் வைத்திருப்பதும், அளவுக்கு மீறிப் பாரம் இழுப்பதும் எந்தப் பெட்டியையும் கெடுக்கும். பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதனை அன்றே மாற்ற வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி நிலையத்தில் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகின்றனர். இழுவிசை, எரிபொருட் செலவு முதலியவை அங்கே அளக்கப்படுகின்றன. சோதனைக் களத்துக்கு வெளியே, பத்தாண்டுகள் உழுதவரிடமும் அவருடைய மிஸ்திரியிடமும் வேறோர் அறிக்கை எழுதப்படாமல் இருக்கிறது. புதிய பெட்டியை வடிப்பவர் வரைபடத்தை முடிக்குமுன் அவர்களிடம் சென்று கேட்பாராயின், ஐப்பசியில் வயல் நடுவே நிற்கும் டிராக்டர்களின் தொகை குறையும்.