கட்டளையிடக் கற்போம்



2011 செப்டம்பர் 15ஆம் நாள், நம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பின் நம் வீடுகள் பலவற்றில் கணினி நுழைந்தது. ஆனால் அது பெரிதும் திரைப்படம் பார்க்கவே பயன்பட்டதை ஆசிரியர்களாகிய நாம் கண்டோம். பொருள் வந்தது; அதை ஆளும் கல்வி வந்து சேரவில்லை. அக்குறையில் நமக்கும் பங்குண்டு.

கணினியின் உறுப்புகளையும் கோப்புகளையும் மேற்பார்த்து நடத்துவது இயங்குதளம். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை 1991இல் உருவாக்கத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர். அதன் மூல நிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டது. எழுத்தறிவே மறுக்கப்பட்ட முன்னோரின் வழிவந்த நமக்கு, பூட்டில்லாத இந்நூலின் அருமை சொல்லாமலே விளங்கும்.

கற்கும் முறை எளிது. லினக்ஸின் கட்டளைத் திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் எல், எஸ் என இரண்டெழுத்தைத் தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும். சி, பி என்பது கோப்பைப் படியெடுக்கும். இவை கைவந்தபின் பைத்தான் மொழியில் சிறு நிரல்களை எழுதுக.

நம்மிடம் பயின்று கல்லூரி சென்ற மாணவர் ஒருவரின் தந்தை, கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. எட்டு மணி நேரத்திற்கு 480 ரூபாய் கூலி. ஒரு மாதம் 30 மணி நேரம் மிகைநேர வேலை செய்தார். மிகைநேரத்திற்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். மாணவர் பத்தே வரியில் நிரலெழுதி, 3,600 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 1,800 ரூபாயே வந்ததைக் காட்டினார். காகிதத்திலும் இக்கணக்கைப் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் உடனுழைத்த 18 பேரின் சீட்டுகளையும் அதே நிரல் நொடியில் சரிபார்த்தது. அடுத்த மாதம் முதல் இரட்டைக் கூலி வந்தது. பழைய பாக்கி இன்னும் வரவில்லை.

மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிழை வந்தால் அஞ்ச வேண்டா. பிழை எவ்வரியில் என்பதைப் பெரும்பாலும் கணினியே காட்டும்.

ஏவல் கேட்டே தேய்ந்த தலைமுறைகளின் பிள்ளைகள் கட்டளையிடும் கலையைக் கற்றல் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளுடன் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் கூடுவோம். நாமும் உங்களுடன் மாணவராய் அமர்வோம்.