கத்தர்: தோலும் தோட்டாவும்

(குடியாத்தத்தில் தோழர்கள் நடத்திய கலை இரவில் பேசியதன் எழுத்து வடிவம்)



பறை அடிச்சு முடிச்ச மேடையில பேச்சுக்காரன் வந்து நிற்கிறது கஷ்டம். சுருக்கமாப் பேசிட்டு உட்கார்ந்துடறேன். நான் சொல்ல வந்தது கத்தரைப் பற்றி. 2023 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹைதராபாத்தில் இறந்துபோன தெலுங்குப் பாடகர், கவிஞர்.

சொந்தப் பெயர் கும்மாடி விட்டல் ராவ். மேடக் மாவட்டம் தூப்ரானில் 1949இல் பிறந்த தலித். 1975இல் கனரா வங்கியில் கிளார்க் வேலை. சேரியில பொறந்தவனுக்கு வங்கி வேலைன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சம்பளத்தில ஒரு குடும்பமே கரையேறும். நானும் அப்படிப்பட்ட நாற்காலியில உட்கார்றவன்தான். அந்த நாற்காலியை 1984இல் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வெளியே வந்தார் மனுஷன். கத்தர் என்கிற பேருக்கு அர்த்தம் நம்ம ஊர் பாய்மார்களைக் கேட்டால் சொல்லுவாங்க. உருதுவில் அது கலகம். 1913இல் அமெரிக்காவில் இந்தியர்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராகத் தொடங்கிய கதர் கட்சியின் பெயர். முதலில் அவர் பாட்டுத் தொகுப்புக்கு வந்த பெயர், பிறகு ஆளுக்கே ஆகிவிட்டது.

ஜன நாட்டிய மண்டலி 1972இல் உருவானது. தோளில் கம்பளி, காலில் சலங்கை, கையில் கோல், பக்கத்தில் தப்பு. தெலங்கானாவின் தப்பு நம்ம பறைக்குக் கூடப்பிறந்தது. அதுக்கும் தோல்தான். ஒக்கு கதை, புர்ரகதை, நாத்து நடுற பெண்களின் மெட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதுக்குள்ள நிலத்தையும் கூலியையும் வைத்தார். எழுத்து தெரியாத சனங்க ரெண்டு தடவை கேட்டுட்டுத் திருப்பிப் பாடினாங்க.

அரசாங்கத்துக்குச் சிக்கல் இங்கேதான் வந்தது. புத்தகம் எழுதுகிறவனைத் தடுக்கணும்னா புத்தகத்தைப் பறிமுதல் பண்ணலாம், அச்சகத்துக்குப் பூட்டுப் போடலாம். சனங்க வாயில இருக்கிற பாட்டை எந்தக் கிடங்கில பூட்டி வைக்கிறது? அதனால பாடுகிறவன் உடம்புமேல கை வைக்கிறான். பாட்டுக்காரனுக்குத் தணிக்கை என்றால் உடம்புக்குத் தணிக்கை.

1985 ஜூலை 17, ஆந்திராவில் காரம்சேடு. ஆதிக்கச் சாதி நிலக்காரர்கள் ஆறு தலித்துகளைக் கொன்றார்கள். தலித் மகாசபை பிறந்தது அதற்குப் பிறகுதான். கத்தரும் அந்தக் கொலையைப் பாடினார். போலீஸ் தேடியது. தலைமறைவு. 1990 வரைக்கும் வெளியே முகம் காட்ட முடியவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் ஹைதராபாத் நிஜாம் கல்லூரி மைதானத்துக்கு அவர் வந்து நின்றபோது அலை அலையாகச் சனம். அஞ்சு வருஷம் பாடகன் ஊரில் இல்லை, பாட்டு மட்டும் ஊரில் இருந்திருக்கிறது.

அடுத்து 1997. என்கவுன்டர்னு சொல்லிச் சுட்டுத் தள்ளியவர்களின் உடல்களைப் பெற்றவர்களிடம் கொடு என்று கத்தர் போராடிக்கொண்டிருந்த காலம். ஏப்ரல் 6ஆம் தேதி அவர் வீட்டுக்கே வந்து சுட்டார்கள். அவர் போலீசைத்தான் கை காட்டினார். எல்லாத் தோட்டாவையும் எடுக்க முடியவில்லை. ஒன்று முதுகெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. அதைச் சுமந்துகொண்டே இன்னும் 26 வருஷம் ஆடினார், பாடினார். தெலங்கானா தனி மாநிலம் கேட்ட போராட்டத்தில் அவர் பாட்டு இல்லாத மேடை குறைவு.

இது தெலுங்கு நாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. 2015 அக்டோபர் 30, திருச்சியில் மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடிய கோவனை வீட்டுக்குப் போய்க் கைது செய்தார்கள். சாராயத்தைப் பற்றிப் பாடினதுக்கு தேசத்துரோக வழக்கு! பாரசீக மொழி பேசும் ஈரானில் தூமஜ் சாலேஹி என்ற இளைஞர், மாஷா அமினி சாவுக்குப் பிறகு நடந்த போராட்டத்தோடு நின்று பாடியதற்கு 2024 ஏப்ரலில் தூக்குத் தண்டனை. உலகம் பூரா எதிர்ப்பு. ஜூனில் அதை ரத்து செய்தார்கள், டிசம்பரில் ஆள் வெளியே வந்தார். மொழி வேறயா இருக்கலாம், கை வைக்கிற இடம் உடம்புதான்.

இன்னொரு தணிக்கையும் இருக்கு. அது மாலையோட வரும். கத்தர் செத்ததும் அரசு மரியாதை. உயிரோடு இருந்தப்ப சினிமாப் பாட்டுக்குக் கிடைத்த நந்தி விருதை வேண்டாம்னவர் அவர். தெலங்கானா அரசு இப்போது தன் சினிமா விருதுக்கே அவர் பெயரை வைத்து, 2025இல் முதல் முறை கொடுத்திருக்கிறது. கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் விருது மேடையில காரம்சேடு பேச்சு வருமா? தோட்டா பேச்சு வருமா?

நம்ம ஊர் கெங்கையம்மன் திருவிழாவைப் பாருங்க. வைகாசி முதல் நாள் அம்மன் சிரசை ஊரெல்லாம் தூக்கி வர்றாங்க. கோபாலபுரத்துக்கு வந்து சேர்ந்ததும் சிரசை எதில் பொருத்துறாங்க? சண்டாளச்சி உடம்புல. கும்பிடு முழுக்க தலைக்கு. அந்த உடம்பு யாருடையது, அவளை ஏன் வெட்டினாங்கன்னு கேக்கிறவங்க எத்தனை பேர்? கத்தருக்கும் அதுதான் நடக்குது. பாட்டைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, சுடப்பட்ட தலித் உடம்பை மறக்கச் சொல்றாங்க.

நமக்கு இதில வேலை இருக்கு. ஏப்ரல் 14க்கு ஒலிபெருக்கி அனுமதி கேட்டுப் போனால் 'சாதிப் பாட்டு போடக் கூடாது'ன்னு எழுதித் தர்றாங்க. அம்பேத்கர் பாட்டையும் அதில சேர்த்துடறாங்க. வாயால சொன்னா ஒத்துக்காதீங்க, எந்தச் சட்டப்படி, எந்தப் பாட்டுன்னு எழுத்தில கேளுங்க. இன்னொண்ணு. சுண்ணாம்புக் குழியில நின்னு தோல் பதப்படுத்தின நம்ம பெரியவங்ககிட்ட, நடவுக்குப் போன நம்ம ஆயாக்ககிட்ட இன்னும் பாட்டு இருக்கு. செல்போன்ல பதிவு பண்ணி வச்சா மட்டும் போதாது. மனப்பாடம் பண்ணுங்க, பிள்ளைங்களுக்குப் பாடிக் காட்டுங்க, பாடினவங்க பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.

அடுத்து பாட இருக்கிற தோழர்கள் காத்துக்கிட்டிருக்காங்க. மைக்கை அவங்ககிட்ட கொடுத்துடறேன். ஜெய்பீம்.