அம்மாவின் தாலாட்டு
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



1995 இடப்பெயர்வில் அப்பாவின்ர குரல் இருந்த கசற் போச்சு. அந்தக் கவலையில்தான் போன வருசம் அம்மாவின் தாலாட்டை எங்கட குசினியில் பதிவு செய்தேன். மகள் கீபோர்ட் வாசித்தாள். போட்டுக் கேட்டால் குரலைக் காணோம். "நான் பாடினது எங்கை தம்பி?" என்று அம்மா கேட்டா.

அப்பதான் விளங்கியது: குரலைக் கூட்டுவதல்ல, மற்றதைக் குறைப்பதே கலவையின் முதற்பாடம். கீபோர்டைத் தணித்தேன். அதில் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியைக் கொஞ்சம் தாழ்த்த, அம்மாவின் சொற்கள் தெளிந்தன. குரலில் 80 ஹேர்ட்சுக்குக் கீழே வெட்ட, பிரிட்ஜின் உறுமல் குறைந்தது. பெண்குரல் அதற்கு மேலே என்றபடியால் நட்டமில்லை. இதற்கு ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளே போதும்.

மாஸ்டரிங் கடைசி வேலை. உச்சம் 0 டெசிபெல்லைத் தாண்டினால் ஒலி கிழியும். கலவையில் 6 டெசிபெல் இடம் விட்டு, பிறகு லிமிட்டரால் மைனஸ் 1 இல் நிறுத்தினேன். சத்தத்தை நெரித்து ஏத்தினால் தாலாட்டு தாலாட்டாக இராது. ஒரு இரவு காதுக்கு ஓய்வு கொடுத்து, காரிலும் கைத்தொலைபேசியிலும் கேட்டுத் திருத்தினேன்.

இப்ப அம்மா கேட்டுவிட்டு, "மூச்சு வாங்கிறதும் கேக்குது" என்றா. அதை நான் வெட்டவில்லை.

உங்கட வீட்டிலும் பாடுகிற பெரியவை இருக்கினம். இந்தச் சித்திரையிலேயே பதிந்து வையுங்கோ.