மாரிக் கடலும் நம் பெண் பிள்ளைகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டிசம்பரில் விழா வைக்க வேண்டாம், மழை கெடுத்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விடுமுறை கிடைப்பது இப்போதுதான் என்பதால் வைத்துவிட்டோம். கூரையில் விழும் மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த நாளில் நம் ஆசிரியைகள் பாடம் நடத்தியதும் இப்படித்தான். ஆகவே மாரியைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

நம் கரையோரத்தை உலகம் அறிந்திருப்பது கோடையில்தான். ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அறுகம்பையில் வெள்ளைக்காரர் கூட்டம். தெற்கே வெகு தொலைவில், பெருங்கடலில் எழும் அலைகள் அந்த மாதங்களில் அங்கே ஒழுங்காக வந்து மடிகின்றன. பலகையில் ஏறி விளையாட அவர்கள் வருகிறார்கள். வாடைக்காற்று திரும்பியதும் கபானாக்கள் பூட்டப்படும். அலை விளையாடுகிறவர்கள் ஹிக்கடுவைக்கும் வெலிகமைக்கும் போய்விடுவார்கள். சுற்றுலாக்காரரின் கணக்கில் அதோடு ‘சீசன்’ முடிந்தது. நமக்கு அப்போதுதான் ஆண்டின் பாதி வாழ்க்கை தொடங்குகிறது.

தோணிகள் மேட்டில் ஏறிவிடும். கரைவலை இழுக்கும் நாட்கள் குறையும். மீன் விலை ஏற, உம்மாமார் களப்பு இறாலுக்கும் கருவாட்டுக்கும் மாறுவார்கள். பெரும்போக வயல் பச்சை பிடிக்கும். களப்பு நிரம்பினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வடக்கே குளிர் தாங்காத உள்ளான்களும் தாராக்களும் பொத்துவில் களப்புக்கும் குமண வில்லுக்கும் வந்து இறங்கும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் பிறைக் கணக்கில் வருவதால், அண்மைய ஆண்டுகளில் அதுவும் மழைக்குள்ளேயே வந்தது. சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தூரிக் கடைகளைச் சுற்றிய பிள்ளைகளைப் பார்த்தோம்.

எல்லாம் அழகு என்று சொல்லிவிட முடியாது. ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்னும் படங்கள் 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தன. எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் அளவில் அங்கே இறந்ததாக அந்தச் செய்தி சொன்னது. நாம் வீசிய பைகள்தான் அவற்றின் வயிற்றுக்குள் இருந்தன.

இத்தனையையும் பள்ளிக் காலத்தில் நாங்கள் எங்கிருந்து பார்த்தோம்? யன்னலுக்குள் இருந்து. காக்காமார் கடலுக்குப் போனார்கள், வாய்க்காலில் குதித்தார்கள், களப்பில் வீச்சுவலை எறிந்தார்கள். எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: “மாரிக் கடல், கிட்டப் போகாதே.” கோடைக் கடலுக்கும் கிட்ட விடவில்லை என்பது வேறு கதை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நாங்கள் அப்போது மருத்துவ மாணவிகள், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தோம். அன்று மழைகூட இல்லை. நடந்ததை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். முகாமில் காயம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் எங்கள் கையைப் பிடித்துச் சொன்னார்: “நம்மட புள்ளைக்கு கடலத் தெரியும் மகள், தண்ணியத் தெரியாது.” கடற்கரையிலிருந்து இருநூறு யார் தள்ளி வளர்ந்த பெண் பிள்ளை அது. இருபது வருடம் கழிந்தும் அந்த வார்த்தை எங்களை விடவில்லை.

பின்னர் நம் மாவட்டத்தின் 13 முகாம்களில் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. சிறு பிள்ளைகள் அதைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டோம். அந்த அலைக்கு முன்னால் நீச்சல்காரரும் போனார்கள். ஆனாலும் ஓடவும் ஏறவும் பிடித்துக்கொள்ளவும் மிதக்கவும் பழகிய உடல் ஒன்று, பழகாத உடல் வேறு.

சுனாமி எப்போதாவது வருவது. மாரி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது அதைக் கடந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களை நாம் அறிவோம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. அந்த ஜனாஸாக்களை நாம் மறக்கவில்லை.

வைத்தியர்களாக நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சில விடயங்கள். முழங்கால் அளவு ஓடும் நீர் வளர்ந்தவரையே விழுத்தும். அதற்குள் இறங்காதீர்கள், வாகனத்தையும் இறக்க விடாதீர்கள். கடல் வெளியே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய் இழுப்பிலிருந்து விலகுங்கள். மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதிக்காதீர்கள்; கயிறோ, சாரியோ, வெறும் பிளாஸ்டிக் கேனோ எறியுங்கள். கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சை அழுத்துங்கள். வைத்தியசாலைக்கு ஓடும் வழியில்தான் பல உயிர்கள் போகின்றன.

2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. இலங்கையில் அதுவே முதலாவது. பிள்ளை பெற்ற தாய்மாரும் அதில் இருக்கிறார்கள். கடலை யன்னல் வழியாகப் பார்த்திருந்தவர்கள் பலகை தூக்கி இறங்கினார்கள். எல்லோரும் பலகை ஏற வேண்டும் என்று கேட்கவில்லை. நம் பிள்ளைகள் தண்ணீரில் ஐந்து நிமிடம் மிதக்கட்டும், இருபத்தைந்து மீட்டர் நீந்தட்டும். அது போதும்.

நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை சங்கத்தின் முன்னால் இருக்கிறது. அதற்கு எதிராக எங்களுக்கு எதுவும் இல்லை. எங்கள் வகுப்பு முன்வைக்கும் யோசனை இது: ஒவ்வோர் ஆண்டும் தரம் 6 மாணவிகள் அனைவருக்கும் நீச்சலும் முதலுதவியும். பெண் பயிற்றுநர், மறைவான தடாகம், உடல் மூடிய நீச்சலுடை, உம்மாவோ ராத்தாவோ அக்காவோ கூட இருக்கலாம். இவை இருந்தால் எந்த வீட்டிலும் மறுப்பு வராது என்று நம்புகிறோம். கடல் அமைதியாக இருக்கும் கோடை மாதங்களில் பழகினால், மாரி வரும்போது பிள்ளை தயாராக இருப்பாள். முதலாம் ஆண்டுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் ஆண்டை யார் எடுப்பது என்று பகலுணவுக்கு முன் சொல்லிவிடுங்கள்.

முன்வரிசைத் தங்கைமாரே, கடல் நம் வாசலில் இருக்கிறது. எங்களுக்குப் பயப்படக் கற்றுத் தந்தார்கள். நீங்கள் பயத்தோடு தண்ணீரையும் கற்றுக்கொள்ளுங்கள்.