முடி சூடாத கதாநாயகன்

(நம் குடியிருப்பு வாசகர் வட்டத்தில் பேசியது)



‘பொன்னியின் செல்வன்’ படித்தால் சோழர் வரலாறு தெரிந்துவிடுமா? படம் வந்ததிலிருந்து நம் குடியிருப்பில் பலரும் கேட்கும் கேள்வி இது. வங்கியில் பேரேடு எழுதியே காலம் கழித்தவன் நான். பதிவில் இருப்பது எது, கல்கி சேர்த்தது எது என்றுதான் பார்ப்பேன்.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல் இது. ஐந்து பாகம் படித்து முடித்தால், கதாநாயகன் அருள்மொழிவர்மன் முடி சூடுவதில்லை! உத்தம சோழருக்கு விட்டுக்கொடுக்கிறார். காரணம், வரலாறு அப்படித்தான் இருக்கிறது. அருள்மொழி ராஜராஜனாகப் பட்டத்துக்கு வந்தது 985இல். அதற்கு முன் ஆண்டவர் உத்தம சோழர். மக்கள் விரும்பியும், சிற்றப்பாவுக்கு ஆசை உள்ளவரை அரசு வேண்டாம் என்று அருள்மொழி மறுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. மகன் ராஜேந்திரன் காலத்துச் செப்பேடு அது. கொஞ்சம் புகழ்ச்சியும் இருக்கலாம். அந்த ஒரு பதிவைத்தான் கல்கி ‘தியாக சிகரம்’ என்று ஒரு பாகமாகவே வளர்த்தார்.

நந்தினி கற்பனை. சேந்தன் அமுதன் உத்தம சோழராவதும் கற்பனை. ஆனால் அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையானது உண்மை. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்று குறிப்பிட்டு, அவர்கள் நிலமும் உறவினர் நிலமும் பறிமுதலானதை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் நாவல் நிற்கிறது. அங்கேயும் ‘இவர்தான் குற்றவாளி’ என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை.

நாமோ வாட்ஸ்அப்பில் ‘கொன்றது உத்தம சோழர்தான்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அப்படிச் சந்தேகித்த வரலாற்று ஆசிரியர்கள் உண்டு. ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு. ஆயிரம் வருடத்துக்கு முன் இறந்தவர் வந்து பதில் சொல்லவா முடியும்? வவுச்சர் இல்லாமல் யார் கணக்கிலும் பற்று எழுதக் கூடாது.

பேரப்பிள்ளைகளுக்கு நாவலைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒருமுறை காட்டுமன்னார்கோயிலுக்கும் அழைத்துப் போங்கள். கதை தொடங்கும் வீராணம் ஏரியும், அந்தக் கல்வெட்டு உள்ள அனந்தீஸ்வரர் கோயிலும் பக்கத்து பக்கத்தில்தான். ஏரிக்கரையில் கதையைச் சொல்லுங்கள். கோயில் சுவரில் கணக்கைக் காட்டுங்கள். இரண்டும் வேறு வேறு என்று பிள்ளைகளுக்குத் தானே புரியும்.