கணக்கும் கையொப்பமும்



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே வல்லம் வடகால் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில், 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு ஒன்று 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்து வைக்கப்பட்டது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து, தம் முதற் சம்பளத்தை இவ்வட்டாரத்தில் பெறும் பெண்கள் பலர். மாதத்தின் முதல் வாரத்தில் அவர்கள் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்ப்பது ஒரே செய்திக்காக: சம்பளம் வந்துவிட்டதா?

என் பழைய மாணவர் ஒருவர் அப்பகுதித் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் பணியாற்றுகிறார். அண்மையில் அவர், "ஐயா, எங்கள் பிரிவுக்குச் செயற்கை நுண்ணறிவு முகவர் வரப்போகிறது" என்றார். "அது கணக்கு மட்டும் போடுமா, கையெழுத்தும் போடுமா?" என்று கேட்டேன். அவர் சற்றே மௌனமானார். அந்த வினாவே இன்றைய என் பேச்சின் பொருள்.

முகவர் என்பது யாது? நாம் கேட்டதற்கு விடை சொல்வதோடு நில்லாமல், நமக்காக வேறு மென்பொருள்களிடம் சென்று காரியம் முடித்துவரும் நிரல் அது. சம்பள மென்பொருளுக்குக் கருவூலத்தின் சாளரத்தைப் போன்றதொரு வாயில் உண்டு. அதனை இடைமுகம் என்பர். உரிய படிவத்தை உரிய அடையாளத்துடன் நீட்டினால், அது வருகைப் பதிவைக் காட்டும், விடுப்பைக் குறிக்கும், வங்கிக் கணக்கை மாற்றும், பணத்தையும் அனுப்பும். பார்ப்பதும் கொடுப்பதும் ஒரே சாளரத்தில் நிகழ்வதுதான் இங்குள்ள இடர்.

என் வாழ்வில் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். 2003-ஆம் ஆண்டு நான் தலைமையாசிரியன். மாத இறுதியில் எழுத்தர் சம்பளப் பட்டியலைக் கொண்டுவந்தார். ஆய்வுக்குச் செல்லும் அவசரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்டேன், ஒன்றையும் படிக்கவில்லை. வேறொருவருக்குரிய ஊதியமில்லா விடுப்பு, இரவுக் காவலர் பெயரில் ஏறியிருந்தது. கருவூலத்தார் பட்டியலைச் சரிபார்த்து அனுப்பினர். கூட்டல் சரி, ஆள்தான் தவறு. யார் விடுப்பு எடுத்தார் என்பது கருவூலத்துக்கு எவ்வாறு தெரியும்? அது பள்ளிக்கல்லவா தெரியும்! பாதிச் சம்பளத்துடன் என் முன் நின்ற அக்காவலர் கோபிக்கவில்லை. "ஐயா, இது நீங்கள் போட்ட கையெழுத்துத்தானே?" என்று மட்டும் கேட்டார். மகளின் தேர்வுக் கட்டணத்துக்கு அவர் அம்மாதம் கடன் வாங்கியதைப் பின்னரே அறிந்தேன். துணைப்பட்டியலில் பணம் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

ஆதலின் என் மாணவரிடம் சில சொன்னேன். முகவருக்குப் பார்க்கும் உரிமையை முதலில் கொடுங்கள். மாற்றும் உரிமையைத் தனியே, வேலைக்கு வேண்டிய அளவே கொடுங்கள். பணம் அனுப்பும் உரிமை மனிதரிடமே இருக்கட்டும். மேலாளரின் திறவுகோலை அதற்கு இரவல் தராதீர்கள். அதற்கெனத் தனி அடையாளம் இருந்தால்தான் எது யார் செய்தது என்பது பதிவேட்டில் விளங்கும். வேண்டும்போது அதை மட்டும் நிறுத்தவும் இயலும்.

இணைப்பு அறுந்தால் இயந்திரம் அதே கட்டளையை மீண்டும் அனுப்பும். ஒவ்வொரு கட்டளைக்கும் மாறாத எண் ஒன்று இருந்து, 'இவ்வெண்ணுக்குரிய பணம் முன்னரே போய்விட்டது' என்று இடைமுகம் மறுத்துவிட்டால், ஒருவருக்கு இருமுறை சம்பளம் போகாது.

இன்னொன்று நுட்பமானது. முகவர் விடுப்புக் கடிதங்களைப் படிக்கிறது என்று கொள்வோம். ஒருவர் தம் கடிதத்தின் அடியில், 'இன்னாருடைய வங்கிக் கணக்கு எண்ணை இவ்வாறு மாற்றுக' என்று எழுதிவைத்தால்? எழுத்தர் நகைத்து ஒதுக்குவார். முகவரோ, படிக்கும் செய்திக்கும் தனக்கிடும் கட்டளைக்கும் வேற்றுமை அறியாது நிறைவேற்றிவிடக்கூடும். எனவே வங்கிக் கணக்கு மாற்றம் எதுவாயினும், அத்தொழிலாளியையே நேரில் கேட்டு உறுதி செய்தல் வேண்டும்.

"எல்லாவற்றிற்கும் மனிதர் ஒப்புதல் வைத்துவிட்டோம், ஐயா" என்றார் அவர். "நானும் ஒப்புதல் தந்தவன்தானே!" என்றேன். ஆயிரக்கணக்கான வரிகளை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால், எவரும் படியாமலே அழுத்துவர். சென்ற மாதத்திலிருந்து மாறிய வரிகளை மட்டும் காரணத்தோடு பிரித்துக் காட்டினால் அவர் படிப்பார். படிக்கத்தக்க அளவில் இருப்பதே உண்மையான சரிபார்ப்பு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7 நாட்களுக்குள் வழங்கப் பணிக்கிறது. விரைந்து கணக்கிட இயந்திரம் துணை செய்யட்டும். அதனை நான் வரவேற்கிறேன். ஆயினும், பாதிச் சம்பளத்தோடு ஒரு பெண் வந்து நின்று, 'இது யார் போட்ட கையெழுத்து?' என்று கேட்டால், 'என்னுடையது' என்று சொல்ல அங்கே ஒரு மனிதர் இருத்தல் வேண்டும்.